பச்சை மேஜை அருகே ஒரு நாற்காலி

ஊட்டிக்குப் போய் வராத குடும்பம் நம்மில் குறைவு. ரோஜாத் தோட்டம், படகுச் சவாரி, வர்க்கி, தைல பாட்டில் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால், இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஒரு விளையாட்டுக்கு முதன்முதலில் சட்டதிட்டம் எழுதி மாட்டிய இடம் அந்த ஊட்டிதான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்னூக்கர். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர் கலராகப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார்களாம். அவர்களில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரிதான் இதற்கெல்லாம் காரணகர்த்தா. (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானவர் வேறு சேம்பர்லின். பெயர்தான் ஒன்று!) ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலியாக ‘ஸ்னூக்கர்’ என்பார்களாம். அந்தக் கேலிப் பெயரே விளையாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு 1880-களில் ஊட்டி கிளப்பில் விதிகளை ஒழுங்காக எழுதி, பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள்.

நம் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இருக்கும் மலையில் வளர்ந்த விளையாட்டு. வயதும் 150 ஆகிவிட்டது. இருந்தும், அது நடக்கும் அறைக்குள் நம் பெண்களில் எத்தனை பேர் காலெடுத்து வைத்திருப்போம்? அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் மனம் விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

நாங்கள் இருப்பது கோவையில். என் கணவர் உறுப்பினராக இருக்கும் கிளப்பில் ஒரு பெரிய ஸ்னூக்கர் மேஜை உண்டு. பள்ளி விடுமுறையில் மகனை அவர் கூட்டிப் போவது வழக்கம். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில், “நானும் வர்றேன்ப்பா” என்று பிடிவாதம் பிடித்து மகளும் தொற்றிக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் ஆடுவான், இவள் பக்கத்தில் நின்று கோலின் நுனிக்குச் சாக் கட்டி தேய்த்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை.

மேஜையைப் பராமரித்து, பந்து அடுக்கி, பாயிண்ட் குறிக்கும் ஆளைக் கிளப்பில் ‘மார்க்கர்’ என்பார்கள். எங்கள் மார்க்கர் வயதானவர். அந்த அறையிலேயே முப்பது வருடம் கழித்தவர். ஒரு நாள் நான் பிள்ளைகளை அழைத்து வரப் போனபோது அவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

“அம்மா, தம்பி இல்லாதப்போ பாப்பாகிட்ட கோலைக் குடுத்துப் பாத்தேனுங்க. கை ஆடறதே இல்லைங்க. தம்பிக்கு வேகம் இருக்குதுங்க. பாப்பாவுக்குப் பொறுமை இருக்குதுங்க. இந்த ஆட்டத்துக்குப் பொறுமைதானுங்க மொதல்ல வேணும்.”

எனக்கு ஒரே ஆச்சரியம்! வீட்டில் ஒரு டம்ளர் கழுவப் பொறுமை இல்லாதவளா இவள்?

கேரம் ஆடத் தெரிந்த சகோதரிகளுக்கு ஸ்னூக்கரை விளக்குவது சுலபம். ஸ்ட்ரைக்கருக்குப் பதில் வெள்ளைப் பந்து. விரலுக்குப் பதில் நீளமான கோல். நான்கு குழிக்குப் பதில் ஆறு குழி. மேஜை மட்டும் 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைக் கம்பளித் துணிக்கு அடியில் வழவழப்பான சிலேட்டுக் கல் பலகை. சிவப்புப் பந்து 15. ஒரு சிவப்பைப் போட்டால் ஒரு பாயிண்ட். உடனே ஒரு கலர் பந்தைப் போட முயற்சிக்கலாம். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, ரோஸ் 6, கறுப்பு 7. சிவப்பு உள்ளே போனால் போனதுதான். கலர் பந்தை மட்டும், சிவப்பெல்லாம் தீரும்வரை, திரும்ப எடுத்து அதன் இடத்தில் வைப்பார்கள். பதினைந்து சிவப்போடும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு கலரையும் வரிசையாகப் போட்டு முடித்தால் எத்தனை வரும்? பால் கணக்குப் போடும் நமக்கு இது ஒரு கணக்கா! 147. அதுதான் உச்சம். அதைத் தொடுவது எவருக்கும் வாழ்நாள் கனவு.

போட முடியாத நேரத்தில், எதிராளி நேராக அடிக்க முடியாதபடி வெள்ளைப் பந்தை மற்றொரு பந்தின் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வரலாம். அதற்கும் ஸ்னூக்கர் என்றுதான் பெயர். அடுத்த அடியை மட்டுமல்ல, அதற்கடுத்த மூன்று அடியையும் யோசித்து வைக்க வேண்டும். அடுப்பில் சாம்பார் கொதிக்க, மறு அடுப்பில் பால் பொங்க, வாசலில் கேஸ்காரர் மணியடிக்க, எதை முதலில் கவனிப்பது என்று நொடியில் முடிவு செய்கிற நமக்கு இந்த மூளை இல்லையா என்ன!

“சரி, உடம்பு வலு வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், யாரையும் முட்டி மோத வேண்டாம். உயரம் போதாவிட்டால், கோலைத் தாங்கிப் பிடிக்க ‘ரெஸ்ட்’ என்று ஒரு முட்டுக் கழி இருக்கிறது. ஆறடி ஆண்களே தூரத்துப் பந்துக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம். நிதானமான கை, கூர்மையான கண், அடித்த பிறகும் அசையாத தலை, இவைதான் முதலீடு.

வயதும் தடையில்லை. 1976-இல் நடந்த முதல் உலகப் பெண்கள் ஸ்னூக்கர் போட்டியில் வென்றவர் வேரா செல்பி என்ற இங்கிலாந்துப் பெண்மணி. கல்லூரியில் கலை கற்பித்த ஆசிரியை. அப்போது அவருக்கு 46 வயது. 1981-இல், 51 வயதில், மறுபடியும் உலகப் பட்டம் பெற்றார்!

குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற இளம் தாய்மார்களுக்கு ரியான் எவன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரும் இங்கிலாந்துக்காரர்தான். 2005 முதல் 2014 வரை தொடர்ந்து பத்து வருடம் உலகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. பிறகு 2016, 2019 என்று மேலும் இரண்டு. ஆக மொத்தம் 12. இவருடைய மகள் பிறந்தது 2006-இல். கணக்கு உங்களுக்கே புரியும். மகளை வளர்த்துக்கொண்டேதான் பெரும்பாலான பட்டங்களும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரைச் சேர்ந்த உமாதேவி நாகராஜ் கர்நாடக அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். முப்பது வயதில், அரசு ஊழியர்களின் கிளப்புக்கு டேபிள் டென்னிஸ் ஆடப் போயிருக்கிறார். மேஜை காலியில்லை. சும்மா நிற்பானேன் என்று பில்லியர்ட்ஸ் கோலைக் கையில் எடுத்திருக்கிறார். 2012-இல் பெண்கள் பில்லியர்ட்ஸில் அவர் உலக சாம்பியன்!

இப்படியெல்லாம் இருக்க, பிறகு என்னதான் தடை? நான் பார்த்தவரையில் மேஜை ஒரு தடையே அல்ல. அந்த அறைதான் தடை.

எங்கள் கிளப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். விடுமுறை முடிந்தும் மகள் தொடர்ந்து போக ஆசைப்பட்டாள். செயலாளரிடம் கேட்டோம். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “ரூல்னு ஒண்ணும் இல்லைங்க மேடம். பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மெம்பர்ஸ் சங்கடப்படுவாங்க.”

பழக்கம் இல்லை! எத்தனை விஷயங்களுக்கு நம்மிடம் இந்த ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்! அன்று ஊட்டியில் எழுதின விதிகளிலும் சரி, இன்று உலகம் முழுக்க இருக்கிற விதிப் புத்தகத்திலும் சரி, இது ஆண்கள் விளையாட்டு என்று ஒரு வரி கிடையாது. எழுதாத சட்டம்தான் வாசலில் நிற்கிறது.

கணவர், “நான் பேசிக்கறேன், விடு” என்றார். பேசவும் செய்தார். ஆனால் அவருக்கு மில்லில் வேலை முடியவே ஏழு மணியாகும். மகளுக்குப் பள்ளி விட்டு வரும் நாலு மணிக்கு மேஜை காலியாக இருக்கும். யார் துணைக்குப் போவது? நானே போனேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், மாலை நாலிலிருந்து ஆறு. அறையின் மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாரம் நாலு பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் சிகரெட்டைப் பற்ற வைக்கப் போய், என்னைப் பார்த்து, வெளியே நடந்தார். (2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறதே, எனக்காக அல்ல, சட்டத்துக்காகவே போயிருக்கலாம்!) மூன்றாம் வாரம் ஒரு பெரியவர், “பாப்பா, கோலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே. குருவிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி” என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் நாங்கள் இருவரும் அறையின் சாமான்களில் ஒன்றாகிவிட்டோம்.

சின்ன விஷயம் என்று நினைப்போம், ஆனால் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்கான கழிவறை கட்டிடத்தின் மறுகோடியில் இருந்தது. பூட்டு வேறு! சாவி காவலாளியிடம். மாதவிலக்கு நாட்களில் மகள், “இன்னிக்கு வேண்டாம்மா” என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சாவி கேட்கக் கூச்சம். நான் செயலாளரிடம் சொல்லி, மாலை நேரத்தில் பூட்டாமல் வைக்க ஏற்பாடு செய்தேன். அதன் பிறகு அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஒரு பெண் ஆட்டத்தை விட்டாள் என்றால் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். சாவி யாரிடம் இருந்தது என்று யார் கேட்கிறார்கள்?

வீட்டிலும் ஒரு பரீட்சை இருந்தது. மகள் வயதுக்கு வந்து, சீர் எல்லாம் முடிந்த மறுவாரம், என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனம்மிணி, இன்னும் அந்தக் குச்சி வெளையாட்டுக்கு அனுப்பப் போறியா? பெரிய மனுஷி ஆன புள்ள. ஆம்பளைங்க நிக்கற எடத்துல குனிஞ்சு குனிஞ்சு ஆடினா நாலு பேரு நாலு விதமா பாப்பாங்கல்ல?”

அத்தை கேட்டதை நான் அலட்சியம் செய்யவில்லை. பெண்ணைப் பெற்ற எவளுக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம்தானே அது! ஆனால், யாரோ ஒருத்தன் பார்வை சரியில்லை என்பதற்காக நம் பிள்ளையின் கையிலிருந்து கோலைப் பிடுங்குவது என்ன நியாயம்?

“நான் கூடவேதானுங்க அத்தை இருக்கறேன். கழுத்து மூடின சட்டை, தளர்வான பேன்ட்டு. போட்டியிலயும் ஆம்பளை பொம்பளை எல்லாரும் உடம்பை மூடின உடுப்புலதானுங்க ஆடறாங்க. ஒரு நா நீங்களும் வந்து பாருங்க” என்றேன்.

வந்தார்! எனக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “அந்த நீலத்தை அடிக்காம ஏன் சும்மா ஓரமா உருட்டி உடறா?” என்று கேட்டார். எதிராளிக்கு வழி இல்லாமல் பந்தை மறைத்து வைக்கிறாள் என்று சொன்னேன். “அட, தாயத்துல காயை வெட்டுப்படாம வெக்கற மாதிரி!” என்றார். அத்தைக்கு ஆட்டம் புரிந்துவிட்டது. சின்ன வயதில் தாயத்தில் அவரை ஜெயித்தவர் ஊரிலேயே இல்லையாம்.

ஒரு நாள் ஆசைக்கு நானும் கோலைப் பிடித்துப் பார்த்தேன். சேலையோடுதான். குனிந்தேன், குறி பார்த்தேன், முந்தானை நழுவிப் பச்சைப் பந்தைத் தொட்டுவிட்டது. “அம்மா, ஃபவுல்! துணி பட்டாலும் ஃபவுல். எனக்கு நாலு பாயிண்ட்!” என்று மகள் குதித்தாள். அன்றிலிருந்து முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டுதான் ஆடுகிறேன். வளையலையும் கழற்றி வைத்துவிடுவேன். ஆட்டம் பெரிதாக வரவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் வேறெந்தக் கவலையும் கிட்டே வருவதில்லை. அது போதாதா?

போன வருடம் வெளியூரில் மாநில அளவிலான ஒரு போட்டிக்கு மகளை அழைத்துப் போனேன். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். ஆனால் அந்தத் தோல்வியை நான் மறக்க மாட்டேன். கடைசி ஆட்டத்தில் சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பந்தை அடிக்க எட்டிக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து நடுவரிடம், “சார், என் சட்டைக் கை ரோஸ்ல பட்டுடுச்சு” என்றாள். நடுவர் பார்க்கவில்லை. எதிராளி பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ரோஸ் பந்து என்பதால் எதிராளிக்கு ஆறு பாயிண்ட். மகள் தோற்றது மூன்று பாயிண்டில்!

தன் ஃபவுலைத் தானே சொல்வது இந்த விளையாட்டில் நெடுநாளைய வழக்கம். அதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை; பச்சை மேஜைதான் சொல்லிக் கொடுத்தது.

திரும்பி வரும் ரயிலில் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “பசங்க பக்கம் எவ்வளவு கூட்டம் பாத்தியாம்மா? எங்க பக்கம் ரெண்டு கை விரலுக்குள்ள அடங்கிடும். எதிர்ல நின்னு ஆட ஆளே இல்லாம நான் எப்படிம்மா நல்லா ஆடறது?”

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வலு தேவையில்லாத விளையாட்டு என்றால், உச்சியில் ஏன் ஆண்களே இருக்கிறார்கள் என்று என் மகன் கூட ஒரு தடவை கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போகும் பையன், பதினாறு வயதுக்குள் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஆடியிருப்பான்! எத்தனை விதமான ஆட்களோடு மோதியிருப்பான்! பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருத்தி உள்ளே போய், அவளும் பாதியில் நின்றுவிட்டால் உச்சிக்கு யார் போவது? ஆண்கள் ஆடும் தொழில்முறைச் சுற்றில், பெண்கள் போட்டிகளில் முன்னணியில் வருகிறவர்களுக்கு 2021 முதல் இடம் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். மேலே கதவு திறந்திருக்கிறது. கீழே, நம் தெருவில்தான் திறக்க வேண்டும்.

தாய்லாந்தில் ‘மிங்க்’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு பெண் இருக்கிறார். முழுப் பெயர் நுச்சருட் வொங்ஹருதாய். அவர் அம்மா ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் பணம் வாங்கும் கவுண்ட்டரில் வேலை பார்த்தவர். பத்து வயதில் மகள் அங்கேதான் ஆட ஆரம்பித்தாள். 2019-இல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் முழு 147 எடுத்தார். 2022-இல் உலக சாம்பியன் ஆனார். பெரிய பயிற்சியும் திறமையும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், தொடக்கத்தில் அந்த அறையில் ஓர் அம்மா இருந்தாள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

நம் பெண்களும் சும்மா இல்லை. 2017-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனார் வித்யா பிள்ளை. ஹாங்காங்கின் இங் ஆன் யீயிடம் 5-6 என்று ஒரே ஒரு ஃப்ரேமில் பட்டத்தைத் தவறவிட்டார். 2023-இல் பாங்காக்கில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் இந்தூரின் அமீ கமானியும், நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரனும் ஜோடி சேர்ந்து இங்கிலாந்தை 4-3 என்று வென்றார்கள். அந்த அனுபமாவே 2025 நவம்பரில், தோஹாவில் நடந்த வேறொரு உலகப் போட்டியின் இறுதியில், அதே இங் ஆன் யீயை 3-2 என்று வென்று தங்கம் வாங்கி வந்தார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அன்று காலை பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அத்தை, “இது நம்ம ஊரு புள்ளையா?” என்று கேட்டார். “சென்னைப் பொண்ணுங்க அத்தை” என்றேன். கத்தரிக்கோலை எடுத்து வரச் சொல்லி, வெட்டி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். யாரும் கேட்காமலே!

கேரம் பலகையில் நம் பெண்கள் சாதித்ததை நினைத்துப் பாருங்கள். சென்னை இளவழகி 2008-இல் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். கேரம் நம் வீட்டுத் திண்ணையில், தெரு முனையில் இருந்தது. அதனால் பெண்கள் கைக்கும் எட்டியது. ஸ்னூக்கர் மேஜை வீட்டுக்குள் அடங்காது. ஆகவே நாம்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

ஆர்வமுள்ள தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

முதலில் நீங்கள் தனியாகப் போய் இடத்தைப் பாருங்கள். வெளிச்சம், புகை, பெண்கள் கழிவறை, பணம் வைத்துப் பந்தயம் ஆடுகிறார்களா, இந்த நாலையும் கவனியுங்கள். திருப்தி இல்லையா? வேறு இடம் பாருங்கள். கிளப் உறுப்பினராக இல்லாவிட்டாலும், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் ஸ்னூக்கர் நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பகல் நேரத்தில் கூட்டம் குறைவு.

ஒரு பெண்ணாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டு, வகுப்புத் தோழி என்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கள். ஆட்டமும் வளரும், செலவும் பகிர்ந்துபோகும், துணையும் ஆகும்.

எடுத்த எடுப்பில் சொந்தக் கோல் வாங்க வேண்டாம். அங்கே இருப்பதே ஆறு மாதத்துக்குப் போதும். துப்பட்டா, தொங்கும் தோடு, தளர்ந்த பின்னல் ஆகாது. தட்டையான செருப்பு அல்லது ஷூ நல்லது.

தொடர்ந்து குனிந்து நின்றால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, தோளைச் சுழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். வலி விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவது உத்தமம்.

கொஞ்சம் ஆட வந்தபின் மாநில ஸ்னூக்கர் சங்கத்தை விசாரியுங்கள். தேசியப் போட்டிகளில் சிறுமியருக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தோற்றாலும் பரவாயில்லை, ஆட அனுப்புங்கள். பெயர்ப் பட்டியலில் ஒரு பெண் பெயர் கூடினால், அடுத்த தடவை இன்னொரு அம்மாவுக்குத் தைரியம் வரும்.

படிப்பு கெடுமே என்ற கவலையா? வாரத்தில் இரண்டு நாள், நாலு மணி நேரம். கைபேசிக்குப் போகும் நேரத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. என் மகள் கோணக் கணக்குகளைப் பந்து மோதித் திரும்பும் திசையை வைத்துத்தான் எனக்கு விளக்குகிறாள்.

எங்கள் கிளப்பில் இப்போது நாலு பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். சுவரோரமாக மூன்று அம்மாக்கள், ஒரு பாட்டி. பின்னல் வேலை நடக்கிறது. ஊர்க்கதையும் கொஞ்சம் நடக்கிறது. மார்க்கர் எங்களுக்கும் சேர்த்து டீ சொல்கிறார். செயலாளர் போன மாதம் தாமாகவே வந்து, “செவ்வாய், வெள்ளி நாலு டு ஆறு லேடீஸ் டைம்னு போர்டு எழுதிடலாங்களா மேடம்?” என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

உங்கள் ஊரிலும் அப்படி ஓர் அறை இருக்கும். ஒரு நாள் மகளையோ, தங்கையையோ, மருமகளையோ அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்களேன். கோவைக்காரர்களாக இருந்தால் இன்னும் சௌகரியம். நாலு பேருமே ஒருத்திக்கு ஒருத்தி ஆட்டம் பழகிவிட்டதாம். ஐந்தாவதாக யாராவது வருவார்களா என்று என் மகள் செவ்வாய்க்குச் செவ்வாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.